நீங்கும் பறவை குறித்து

தமிழ் படித்தவர்கள் எல்லோருமே பறவைகள் மீது ஒரு வழக்குப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வருகிறோம். குளத்தில் தண்ணீர் இருக்கும் வரை கூடியிருந்துவிட்டு, வற்றியதும் எழுந்து போய்விடுகிற பறவைகளைக் காட்டி, கஷ்ட காலத்தில் கைவிடுகிற உறவினரைப் பழிக்கும் மூதுரை வெண்பா நம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே வெண்பா, வற்றிய குளத்திலேயே கிடந்து வாடும் நீர்ச்செடிகளை உண்மையான உறவுக்கு அடையாளமாக நிறுத்துகிறது. பாகப் பிரிவினையில், கல்யாண வீட்டுக் கோபத்தில், பட்டிமன்றத்தில், வெளியூருக்கு வேலைக்குப் போன மகனைப் பற்றித் திண்ணையில் நடக்கும் விசாரணையில் என்று இந்த உவமை செல்லாத இடமில்லை. ஓர் உவமை இத்தனை நூற்றாண்டு கேள்வி கேட்கப்படாமல் இருந்தால் அதற்கு அழகு மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதை உபயோகிக்கிறவர்களுக்கு ஏதோ ஒரு சௌகரியம் அதில் இருந்துகொண்டே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

வெண்பா இரண்டு விஷயங்களை நிரூபிக்காமலே எடுத்துக்கொள்கிறது. போவது மனத்தின் கோணல். இருப்பது மனத்தின் நேர்மை. ஆம்பலுக்குக் கால் கிடையாது என்பது கணக்கில் வருவதில்லை. வேர் விட்ட ஒன்று இருந்த இடத்தில் இருப்பதை விசுவாசம் என்பதும், சிறகு உள்ள ஒன்று பறப்பதைத் துரோகம் என்பதும் உவமைக்கு வேண்டுமானால் பொருந்தலாம். தார்மீகத் தீர்ப்புக்குப் போதாது. இன்னொரு வேடிக்கை. இதே தமிழ், காய் பழுக்கும் என்று இலவ மரத்தில் காத்திருந்து பஞ்சு வெடித்துப் பறந்ததைப் பார்த்த கிளியைப் பற்றியும் ஒரு பழமொழி வைத்திருக்கிறது. அங்கே இருந்ததற்காகக் கேலி, இங்கே போனதற்காக வசை. பறவைகள் நம்மிடம் நியாயம் எதிர்பார்த்து வரவில்லை என்பது நல்ல காலம்.

நான் குளத்துப் பறவைகளைப் பற்றிப் பேசப்போவதில்லை. அவற்றின் குளம் வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோதான் நிறைகிறது, வற்றுகிறது. தன்னுடைய குளம் ஒரு நாளைக்குள் பலமுறை வற்றி நிறைகிற பறவை ஒன்று நம் வீட்டு முருங்கை மரத்திலேயே இருக்கிறது. தேன்சிட்டு. பத்து கிராம் அளவே எடை. ஒரு பூவின் தேன் ஒரு வாய்க்குக் காணாது. உறிஞ்சியவுடன் அந்தப் பூ வற்றிய குளம். சிறிது நேரத்தில் மறுபடி ஊறுகிறது. ஆகவே தேன்சிட்டின் வாழ்க்கை முழுவதுமே மூதுரையின் அந்தக் கணத்தில்தான் நடக்கிறது. இருப்பதா, போவதா, திரும்புவதா, எப்போது?

தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் உள்ள நாலைந்து மைலுக்குள் இந்தக் கேள்விக்குப் போதுமான சாட்சிகள் உண்டு. ஊதாப்பிட்டத் தேன்சிட்டு, ஊதாத் தேன்சிட்டு, இலங்கையில் டச்சுக் கவர்னராக இருந்தவரின் பெயரைச் சுமந்துகொண்டு நீண்டு வளைந்த அலகுடன் திரியும் லோட்டன் தேன்சிட்டு ஆகியவை வீடுகளையும் தோப்புகளையும் ஒட்டிக் காணக் கிடைப்பவை. மேலே காட்டுக்குள் இவற்றைவிடச் சிறியதான சின்னத் தேன்சிட்டு இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது அது. பூக்கும் பருவங்களைத் தொடர்ந்து மலையில் ஏறியும் இறங்கியும் வாழ்வது. பின்பனியில் முள்ளிலவும் கல்யாண முருங்கையும் இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கின்றன. மாமரத்துக் கிளையில் புல்லுருவி பூக்கிறது. வாழையும் முருங்கையும் செம்பருத்தியும் தம் போக்கில் பூத்துக்கொண்டிருக்கின்றன. ஜூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று புகுந்து சாரல் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. திறந்த பூவில் மழை விழுந்தால் தேன் நீர்த்துப்போகும். ஊரெல்லாம் அருவிக்குக் கூட்டம் கூட்டமாக வந்து ரம்பூட்டானும் மங்குஸ்தானும் வாங்கிக்கொண்டிருக்கிற சீசன், தேன்சிட்டுக்குச் சிக்கனத்தின் காலமாக இருக்கக்கூடும். ‘சீசன்’ என்ற சொல்லை யார் பார்வையில் சொல்கிறோம் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தியப் பறவைகளுக்கும் பூக்களுக்கும் உள்ள உறவைப் பற்றி ஸலீம் அலி 1932இலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதினார். நீலகிரியில் புல்லுருவிகளுக்கும் தேன்சிட்டுகளுக்கும் பூங்கொத்திகளுக்கும் இடையே உள்ள கொடுக்கல் வாங்கலை பிரியா தாவீதார் 1980களில் ஆராய்ந்தார். ஆனால் வருமானம் குறையும்போது பறவை என்ன செய்கிறது என்ற கணக்கை வரிவரியாகப் போட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களின் ஹம்மிங் பறவைகளை வைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பறவை நம் பக்கம் கிடையாது. தேன்சிட்டுக்கு அது உறவும் இல்லை; ஒரே தொழில் இரண்டு குலங்களுக்கும் ஒரே மாதிரி அலகையும் மினுமினுப்பையும் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. அது அந்தரத்தில் நின்றுகொண்டு குடிக்கிறது. நம்முடையது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்து குடிக்கிறது. தேன்சிட்டையே வைத்துச் செய்த பழைய ஆராய்ச்சிகளில் பேர்பெற்றது கென்யாவில் நடந்தது. 1975இல் அதை வெளியிட்டவர்கள் ஃப்ராங்க் கில், லாரி வுல்ஃப் என்ற இருவர்.

அவர்கள் கவனித்தது பொன்சிறகுத் தேன்சிட்டை. அது தேன் எடுத்த செடி தும்பைக் குடும்பத்தது. தண்டைச் சுற்றி முள்பந்து முள்பந்தாக ஆரஞ்சு நிறத்தில் பூப்பது. அதன் இனம் ஒன்று நம்மூர்ப் புறம்போக்குகளிலும் வளர்ந்து கிடக்கிறது, யாரும் பெயர் கேட்பதில்லை. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. பறவை சும்மா உட்கார்ந்திருந்தால் மணிக்கு 400 கலோரி செலவு. தேன் தேடினால் 1,000. அடுத்த பறவையை விரட்டினால் 3,000. (நாம் சாப்பாட்டுக்குச் சொல்கிற கலோரி இதைப் போல ஆயிரம் மடங்கு.) பூ ஒன்றுக்கு 1 மைக்ரோலிட்டர் தேன் இருந்தால் அன்றைய செலவைச் சரிக்கட்ட 8 மணி நேரம் உழைக்க வேண்டும், 2 இருந்தால் 4 மணி, 3 இருந்தால் 2.7 மணி. ஒரு பரப்பைத் தன்னுடையது என்று காத்துக்கொண்டால் மற்றவர்கள் குடிக்காததால் பூக்களில் தேன் சேரும். 2 என்பது 3 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.3 மணி நேரம் மிச்சம், அந்த நேரம் உட்கார்ந்திருக்கலாம், மிச்சப்படுவது 780 கலோரி. காவலுக்கு ஆகும் நேரம் நாளொன்றுக்கு 0.28 மணி, அதாவது பதினேழு நிமிஷம் போல. அதற்கு உட்கார்ந்திருப்பதைவிட அதிகமாக ஆகும் செலவு 728 கலோரி. லாபம் 52. சில பரல் சீனி.

வட்டிக் கணக்கோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இந்த 52 ஒரு விசேஷமான எண்ணாகப் படுகிறது. ஒரு பறவையின் பகைமை முழுவதும், அதன் கீச்சலும் பாய்ச்சலும் ‘இது என்னுடையது’ என்ற பாவனையும், இவ்வளவு மெல்லிய லாபத்தின் மேல் நிற்கிறது. பூவில் தேன் இன்னும் பெருகி 4 மைக்ரோலிட்டர் ஆகிவிட்டால், அதைக் காத்து 6 ஆக்குவதில் மிச்சம் 420 கலோரிதான். காவல் செலவுக்குக் கட்டாது. அப்போது காவலைக் கைவிடுகிறது, யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம். தேன் ரொம்பவும் வற்றி, காத்தாலும் வயிறு நிறையாது என்றாகிவிட்டாலும் கைவிட்டு அலையத் தொடங்கும். தாராளம் பெருகும்போதும் வறுமை முற்றும்போதும் எல்லைக்கோடு அழிந்துவிடுகிறது. நடுவில்தான் வேலி. எங்கள் நடுத்தர வர்க்கத்தின் சுபாவத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த மார்க்ஸியரும் சொல்லி நான் கேட்டதில்லை.

காவல் காக்கிற பறவைகளும் ஒரே அளவு நிலத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. கென்யாவில் எல்லைகளின் பரப்பு ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமாக வேறுபட்டது, உள்ளே இருந்த பூக்கள் மட்டும் சுமாராக 1,600 என்ற அளவில் நின்றன. 1983இல் லின் கார்ப்பென்டரும் டேவிட் பேட்டனும் மார்க் ஹிக்ஸனும், கலிஃபோர்னியாவின் மலைப் புல்வெளிகளில் வலசையின் நடுவே தங்கும் செம்பழுப்பு ஹம்மிங் பறவைகள் உட்காரும் குச்சியிலேயே தராசைப் பொருத்தி, நாளுக்கு நாள் எடை கூடுவதைக் குறித்தார்கள். பறவை முதல் நாள் ஒரு அளவு பரப்பைக் காக்கிறது, மறுநாள் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது, எடை வேகமாக ஏறுகிற அளவை அடைந்ததும் அதில் நிலைத்துவிடுகிறது. ஆசைக்கு ஓர் அளவு உண்டு என்பதைத் தர்மசாஸ்திரம் படிக்காமலே கண்டுகொள்கிறது என்று யாராவது உபன்யாசம் செய்யலாம். அதற்கு முன்னால், பேட்டனும் கார்ப்பென்டரும் அடுத்த வருஷம் வெளியிட்டதையும் படித்துவிட வேண்டும். அதே பறவை காலையில் எழுந்தவுடன் தன் எல்லையின் ஓரத்துப் பூக்களைத்தான் முதலில் வற்ற அடிக்கிறது. நடுவில் இருப்பதைப் பிற்பாட்டுக்கு வைத்துக்கொள்கிறது. எட்டிப் பார்க்கிற அயலான் ஓரத்தில் வெறும் பூக்களைக் கண்டு திரும்பிப் போகட்டும் என்று. வரப்போரமாகக் கிணறு வெட்டுகிறவனின் மனம் இது. ஆக, பறவையிடம் நாம் தேடிப் போகிற உபதேசம் எதுவாக இருந்தாலும் அங்கே கிடைக்கும். சந்தைக்குப் போவது மாதிரிதான்.

வெண்பாவின் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். எப்போது போகிறது? 1976இல் எரிக் சார்னோவ் இதற்கு ஒரு தேற்றம் கொடுத்தார். ஓரிடத்தில் கிடைப்பது குறைந்துகொண்டே வரும்போது, அந்தக் கணத்தில் கிடைக்கிற வேகம், பயண நேரத்தையும் சேர்த்து அந்த வட்டாரம் முழுவதும் சராசரியாகக் கிடைக்கக்கூடிய வேகத்துக்கு இறங்கியதும் கிளம்பிவிட வேண்டும். பொருளாதாரப் பாடத்தில் வருகிற இறுதிநிலைப் பயன்தான், சிறகு முளைத்து வந்திருக்கிறது. இதன்படி பார்த்தால் குற்றச்சாட்டு குறையவில்லை, கூடுகிறது. மூதுரைப் பறவையாவது குளம் வற்றும் வரை இருந்தது. சார்னோவின் பறவை வற்றும் வரை காத்திருப்பதே இல்லை. குளத்தில் இன்னும் தண்ணீர் இருக்கும்போதே, வேறிடத்தில் இதைவிட மேல் என்று எழுந்துவிடுகிறது.

ஆனால் தேற்றத்துக்குள் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அடுத்த இடம் எவ்வளவு தூரமோ அவ்வளவு நேரம் இங்கே தங்குவது கட்டும். தூரம் குறைந்தால் தங்குவதும் குறையும். இதை ஒப்புக்கொண்டால், ‘நம் முன்னோர் ஊரை விட்டுப் போகவில்லை’ என்று பெருமை பேசுவதன் அஸ்திவாரம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904இல் கணவாயைக் குடைந்து ரயில் வந்தது. மீட்டர் பாதையை அகலப்பாதையாக்க 2010இல் நிறுத்தி, 2018இல் மறுபடி ஓடவிட்டார்கள். ரயிலும் பஸ்ஸும் இல்லாத காலத்தில் இங்கே தங்கியவர்கள் எல்லோரும் நிலத்தின் மேல் உள்ள பற்றினால் தங்கினார்கள் என்று எப்படிச் சொல்வது? மலை குறுக்கே நின்றது. அவர்கள் மனத்தைச் சோதிக்க அவர்களுக்குச் சந்தர்ப்பமே வாய்க்கவில்லை. சந்தர்ப்பம் வாய்க்காத நற்குணத்தை நற்குணம் என்று சொல்லலாமா என்பது பழைய கேள்வி. எனக்கு அதில் உறுதியான பதில் உண்டு: சொல்லக் கூடாது. ஆம்பலைப் புகழ்வது போலத்தான் அது.

இங்கே மரத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும். மூதுரை குளத்தின் சார்பில் வாதாடுகிறது. குளம் என்ன விரும்புகிறது என்று அது கேட்கவில்லை. முள்ளிலவு தன் மகரந்தத்தால் தானே காய்க்காத மரம். வேறொரு முள்ளிலவிலிருந்து மகரந்தம் வந்தாக வேண்டும். வருகிற பறவை பூவில் வயிறாரக் குடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டால் மரத்துக்கு அது நஷ்டம். பூ சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதில் இந்த நியாயம் இருக்கிறது. பறவையின் அதிருப்திதான் மரத்தின் முதலீடு. அது போதாமல் எழுந்து, நெற்றியில் மஞ்சள் தூளோடு அடுத்த மரத்துக்குப் போவதில்தான் காய் இருக்கிறது. நன்றிகெட்டது என்று நாம் சொல்கிற அந்தக் கிளம்பல்தான் மரம் பறவையிடம் கேட்கிற ஒரே பிரதிபலன். இலவு காத்த கிளியின் பிசகும் இதுதான் என்று தோன்றுகிறது. அந்த மரம் கொடுக்க வேண்டியதைப் பூவிலேயே கொடுத்து முடித்துவிட்டது. மைனாவும் காக்கையும் தேன்சிட்டும் வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டன. காயில் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை.

போகிற பறவை மறந்துவிடுகிறது என்பதும் நம் கற்பனைதான். ஹம்மிங் பறவைகளுக்கு, தேன் கிடைத்த பூவுக்கே உடனே திரும்பிப் போகக் கற்றுக்கொடுப்பது கடினம், தேன் கிடைத்த பூவைத் தவிர்க்கக் கற்றுக்கொடுப்பது எளிது என்று 1982இல் காட்டினார்கள். குடித்த இடம் வெறுமையாகிவிட்டது என்பது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் 2006இல் சூசன் ஹீலியும் ஆண்ட்ரூ ஹர்லியும் கூட்டாளிகளும் எட்டு செயற்கைப் பூக்களை வைத்து, சிலவற்றைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு முறையும் சிலவற்றை இருபது நிமிஷத்துக்கு ஒரு முறையும் நிரப்பினார்கள். பறவைகள் எந்தப் பூ எப்போது ஊறும் என்று பிரித்து வைத்துக்கொண்டு அந்தந்த வேளைக்கு வந்தன. விலகியிருக்கும் நேரமும் உறவின் பகுதியாக இருக்கிற ஒரு ஞாபகம் இது. வெண்பாவில் பறவை பறந்து போவதோடு காட்சி முடிந்துவிடுகிறது. அடுத்த மழைக்கு அந்தக் குளத்துக்கு யார் வந்தது என்று பார்க்க அதற்குப் பொறுமையில்லை.

இதனால் போகிறவர்கள் அனைவரையும் விடுதலை செய்துவிடலாமா? முடியாது என்பதற்கும் தேன்சிட்டே சாட்சி. பெரிய குழல் பூவாக இருந்தால், வாய் வழியே போகாமல் பூவின் அடியில் அலகால் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்கிற வழக்கம் அதற்கு உண்டு. மகரந்தத்தைத் தொடுவதில்லை. அதுவும் வருகிறது, குடிக்கிறது, போகிறது. தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பறவைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே போவதும் இருப்பதும் அல்ல, எடுக்கிற விதம்தான் கேள்வி என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. சொல்லியும் இருப்பேன். ஆனால் துளையிடுகிற பறவையும் தன் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறது. பழி என்ற சொல் இங்கே நம்முடையது, பூவினுடையதுகூட அல்ல. பொருளாதாரத்திலிருந்து ஒரு கணக்கைக் கடன் வாங்கிப் பறவைக்குப் பொருத்திவிட்டு, பிறகு பறவையைக் காட்டி ‘இயற்கையே இப்படித்தான்’ என்று பொருளாதாரத்துக்குச் சாட்சி சொல்ல வைப்பது ஒரு சுற்று ஏமாற்று. மூதுரை தன் கோபத்தைப் பறவை மேல் ஏற்றியது. நாம் நம் லாபத்தை ஏற்றுகிறோம். இரண்டாவது, விஞ்ஞானத்தின் உடுப்பில் வருகிறது என்பதால் எச்சரிக்கை அதிகம் வேண்டியிருக்கிறது.

தமிழிலேயே இதற்கு எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. அதிலும் விசித்திரம், அது அதே பெயரிலிருந்து வருகிறது. மூதுரை ஔவை பிற்காலத்தவர். புறநானூற்று ஔவை வேறொருத்தி. அவள் அதியமானின் வாசலில், பரிசில் தாமதமானபோது, வாயில் காப்போனிடம் ஒரு பாட்டுச் சொல்கிறாள். உலகம் வறண்டுபோய்விடவில்லை, கோடரியோடு காட்டுக்குள் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு மரம் கிடைக்காமலா போகும், கலை தெரிந்தவர்களுக்கு எந்தத் திசையிலும் பிழைப்பு உண்டு என்ற பொருளில் யாழைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறாள். சார்னோவின் தேற்றம் இதைவிட ஒன்றும் கூடுதலாகச் சொல்லிவிடவில்லை: இங்கே கிடைப்பது, அங்கே கிடைக்கக்கூடியது. ஆனால் அந்தப் பாட்டில் கணக்கு முக்கியமல்ல, தலை நிமிர்வு முக்கியம். கிளம்பிப் போகும் உரிமை உள்ளவளிடம்தான் அதியமான் நட்பு வைத்திருக்க முடிந்தது. அவன் செத்தபோது அவள் பாடிய கையறுநிலையை, போக முடியாமல் வாசலில் கிடந்தவர்கள் யாரும் பாடியிருக்க முடியாது. ஒரே பெயரில் இரண்டு ஔவைகளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலிருந்தே நாம் பிற்கால ஔவையையே பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை.

இனி நான் நேரில் பார்த்த ஒன்று. இது இல்லாவிட்டால் இவ்வளவும் காகிதத்திலேயே நின்றுவிடும். தென்காசிக்குக் கிழக்கே, மானாவாரியும் கிணற்றுப் பாசனமுமாக உள்ள ஒரு ஊரிலிருந்து எங்கள் கிளைக்கு மாதா மாதம் ஒரு பெரியவர் வருவார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். மாதம் பிறந்து நாலைந்து தேதிக்குள் பெரியவர் கணக்கில் பணம் ஏறிவிடும். அவர் பாஸ் புத்தகத்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, சீட்டை என்னிடமே நிரப்பித் தரச் சொல்லி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போவார். கிணற்றை ஆழப்படுத்தப் போட்ட கடனின் வட்டியும் அந்தப் பணத்திலிருந்துதான் கழிகிறது. ஒவ்வொரு முறையும் மகனைத் திட்டிக்கொண்டேதான் வாங்குவார்.

“தண்ணி வத்துனா கொக்கு நிக்குமா சார்? எந்திரிச்சுப் போயிட்டான்லா.”

ஒரு தடவை நான், “ஐயா, அவரு அனுப்புற பணத்தத்தான இப்ப எடுக்கீங்க?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நான் சிறு பிள்ளை என்பது போல் பார்த்தார். “பணம் வருது சார். யாரு இல்லன்னா? அவன் வரலியே.”

அவர் முரண்பாடாகப் பேசுகிறார் என்று என் சகாக்கள் சிரித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் வெண்பாவைத் தப்பான வழக்குக்குக் கொண்டுவந்திருந்தார், அவ்வளவுதான்; வழக்கு உண்மையானது. மகன் கைவிடவில்லை என்பது அவருக்கும் தெரியும். அவன் போனது சரி என்பதுகூட ஒரு வேளை தெரிந்திருக்கும்; கிணற்றின் ஆழத்தை அவரைவிட யார் அறிவார்கள்? சரியான காரியம் ஒன்றினாலும் ஒருவருக்கு நஷ்டம் வர முடியும், அந்த நஷ்டத்துக்கு எதிராளி என்று யாரும் இல்லை. எதிராளி இல்லாத வலியைச் சொல்ல மொழியில் இடம் போதாமல்தான் மனிதன் கையில் கிடைத்த கொக்கைத் திட்டுகிறான். கில்லும் வுல்ஃபும் போட்ட கணக்கில் எல்லாச் செலவுக்கும் ஒரே நாணயம்: கலோரி. அதனால்தான் கடைசியில் 52 என்று ஒரு விடை வந்தது. பெரியவரின் கணக்கில் இரண்டு நாணயம் புழங்குகிறது, ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தருகிற கவுண்டர் எங்கள் வங்கியில் இல்லை. பறவையிலிருந்து மனிதனுக்குப் பாலம் கட்டும் கட்டுரைகள், நான் படித்தவரை, இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே நாணயம் உண்டு என்ற நம்பிக்கை பறவையைப் பார்த்துக் கற்றதல்ல, கணக்கு எழுதுவதற்காக நாம் ஏற்படுத்திக்கொண்ட வசதி.

பெரியவருக்கு இன்னொரு புகாரும் இருந்தது. அதை அவர் பிறகு ஒரு மாதம் சொன்னார். “அவன் போனதோட விட்டானா சார்? தெருவுல நாலு பயலுவளயும் இழுத்துக்கிட்டுப் போயிட்டான்.” மகன் போய் வேலை பார்த்து, ரூம் பார்த்து, சூப்பர்வைசரிடம் சொல்லி, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

இதை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். தேன்சிட்டு செய்யாத காரியம் இது. பூத்த மரத்தைக் கண்டால் அது பேசாமல் குடிக்கும், கட்டுமானால் அடுத்ததை விரட்டும். ‘அங்கே இருக்கிறது, நீயும் போ’ என்று எதிரே வருகிறவனுக்கு வழி சொல்வது மனிதன் செய்வது. அதற்கென்று ஒரு இலக்கிய வகையே வைத்திருந்த மொழி நம்முடையது. பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், பசியோடு எதிரே வருகிற பாணனை ஆற்றுப்படுத்துகிறான். பங்கு குறைந்துவிடுமே என்று பயப்படுவதில்லை. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனைக் காணுமுன் வீடு இருந்த நிலையையும் நத்தத்தனார் காட்டுகிறார்: கூரை இடிந்த அடுக்களையில் ஈன்று கிடக்கும் நாய், உப்புக்கு வழியில்லாமல் வேகும் குப்பைக் கீரை, பிறர் பார்த்துவிடுவார்களே என்று சாத்திய கதவு. அந்த வீட்டிலிருந்து கிளம்பியதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஆற்றுப்படை முழுவதும் வழியிலேயே நடந்து வழியிலேயே முடிகிறது. ஒருவன் இன்னொருவனுக்கும், அவன் மற்றொருவனுக்குமாக வழி சொல்லி எல்லாப் பாணர்களும் போய்விட்ட ஊர் எப்படி இருந்தது, சாத்திய கதவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்று அந்த நூல்களில் நான் தேடிப் பார்த்திருக்கிறேன். பெரியவரின் தெருவில் இப்போது ஐந்து வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள். நாலு பேர் எங்கள் கிளையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் தேதியை ஒட்டி, ஒரே ஷேர் ஆட்டோவில் சேர்ந்து வருகிறார்கள்.